தவறிவிட்டேன் என்று சொன்ன கருவண்டு

ஒரு குளத்தின் வடகரையில் அந்துப்பூச்சிக் கூட்டம் ஒன்று வாழ்ந்தது. கிலுகிலுப்பைச் செடியைத் தவிர வேறு எதிலும் அவை முட்டையிடுவதில்லை. வேறு இலையைத் தின்றால் குஞ்சுப் புழுக்கள் செத்துப்போகும். அந்த ஆண்டு ஆடுகள் புகுந்து வடகரைச் செடிகளை மொட்டையாக மேய்ந்துவிட்டன. தென்கரையில் மட்டும் மஞ்சள் பூக்களோடு செடிகள் நின்றன.

நடுவில் குளம். பகலில் கடந்தால் பஞ்சுருட்டான் குருவிகள் கொத்திவிடும். அந்தியில் கடந்தால் வௌவால் பிடித்துவிடும்.

"குருவி கண்ணால் பிடிக்கிறது. கண்ணை நம்மால் ஒன்றும் செய்ய முடியாது. வௌவால் காதால் பிடிக்கிறது. காதைக் கலக்கலாம்!" என்றது செவ்வரி. கூட்டத்தின் தலைவி அதுதான்.

"எப்படி அக்கா?" என்று கேட்டது தூளி. கூட்டத்திலேயே சிறியது, வாய் மட்டும் பெரியது.

"வௌவால் ஒரு குரலை வீசும். அது நம்மேல் பட்டுத் திரும்பும். திரும்பி வரும் குரல்தான் நாம் இருக்கும் இடத்தை அதற்குச் சொல்லும். அந்த நேரம் பார்த்து நாம் கிலுக்க வேண்டும். இரண்டு சத்தமும் கலந்தால் அதற்கு வழி தப்பிவிடும்."

அந்துப்பூச்சிகளின் மார்போரம் மெல்லிய தோல் ஒன்று உண்டு. அதை இழுத்துச் சுண்டினால், காய்ந்த காய்க்குள் விதை குலுங்குவதுபோலக் கேட்கும். எல்லோருக்கும் அது இருந்தது. யாருக்கும் அதைப் பயன்படுத்தத் தெரியவில்லை.

பயிற்சிக்கு ஒரு வௌவால் வேண்டுமே! பக்கத்து மூங்கிலில் குடியிருந்த கருவண்டு ஒப்புக்கொண்டது. கண்ணை மூடிக்கொண்டு, ரீங்காரமிட்டபடி துரத்த வேண்டும். அதுதான் அதற்கு வேலை.

முதல் நாள் கருவண்டு நிஜமாகவே துரத்தியது. தூளி கிலுக்கத் தாமதித்தது. கருவண்டு நேராக வந்து இடித்தது. தூளி சேற்றில் விழுந்து அழுதது.

"ஐயோ, அடிபட்டுவிட்டதா கண்ணு?" கருவண்டு பதறிப்போனது.

"இந்த உடம்பை வைத்துக்கொண்டு மெதுவாக வரக்கூடாதா மாமா!"

எல்லோரும் சிரித்தார்கள். கருவண்டு மட்டும் சிரிக்கவில்லை. மறுநாள் முதல், யாராவது ஒருமுறை கிலுக்கினாலே போதும், அது சட்டென்று விலகி, "தவறிவிட்டேன்!" என்று உரக்கச் சொல்லும். பூச்சிகளுக்கு ஒரே குதூகலம்! கிலுக்கும், நிற்கும், அந்தச் சொல்லைக் கேட்டதும் முன்னே பறக்கும். நாளடைவில் அதுவே முறையாகிவிட்டது.

செவ்வரி இதைக் கவனித்தது. கருவண்டு வேண்டுமென்றே விலகுகிறது என்பதும் அதற்குத் தெரிந்தது. ஆனாலும் பயந்து நடுங்கிய கூட்டம் இப்போது சிரித்துக்கொண்டே பறக்கிறது. அந்தச் சிரிப்பைக் கெடுக்க அதற்கு மனம் வரவில்லை.

ஒருநாள் அந்தியில் பாதிக் கூட்டம் புறப்பட்டது. மீதி அடுத்து வருவதாகப் பேச்சு. குளத்தின் நடுவே வௌவால் வந்தது.

"பயப்படாதே அக்கா, நான் பார்த்துக்கொள்கிறேன்!" என்றது தூளி.

சரியான நேரத்தில் கிலுக்கியது. அத்தனை அழகாக அது ஒருநாளும் கிலுக்கியதில்லை. வௌவால் தடுமாறியது; தூளிக்கு மேலே வெறுங்காற்றைக் கவ்விக்கொண்டு போனது.

தூளி நின்றது. சத்தத்தை நிறுத்திவிட்டு, இறக்கையடித்தபடி அந்தரத்தில் காத்திருந்தது.

எதற்காகக் காத்திருக்கிறது என்று செவ்வரிக்குப் புரிந்தது.

"பற! அது சொல்லாது! பற!"

வௌவால் திரும்பி வந்தது. ஒற்றைச் சிறகு தண்ணீரில் விழுந்து மிதந்தது.

மற்றவையும் கிலுக்கிவிட்டு, அங்கங்கே நின்று காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தன. பறக்கச் சொன்னது எதன் காதிலும் ஏறவில்லை. செவ்வரி தன் குரலைத் தடிப்பாக்கிக்கொண்டு, கருவண்டைப் போலவே கத்தியது: "தவறிவிட்டேன்!"

அந்தக் கணமே எல்லாம் தென்கரையை நோக்கிப் பாய்ந்தன. வௌவாலோ கத்திய குரலைத் தேடி வந்தது. செவ்வரி கிலுக்கியது. விலகியது. மறுபடி கிலுக்கியது. தாழ்ந்தது, திரும்பியது, நிறுத்தாமல் கிலுக்கியது. கரை ஏறியபோது அதன் பின்சிறகில் பாதி இல்லை.

மறுநாள் காலையில் கருவண்டு தென்கரைக்கு வந்தது. இலைகளின் அடியில் முட்டைகள் இருந்தன. கருவண்டு சுற்றும்முற்றும் பார்த்தது.

"வாயாடியைக் காணோமே?"

செவ்வரி நடந்ததைச் சொன்னது.

"நான் அன்பாகத்தானே அம்மா சொன்னேன்..."

"நானும் அன்பாகத்தான் மாமா விட்டுவிட்டேன். அக்கரையில் பாதிப்பேர் இருக்கிறார்கள். என்னால் இனி குளத்தைத் தாண்ட முடியாது. நீங்கள்தான் பழக்க வேண்டும். இடியுங்கள். தப்பினால் திரும்பி வந்து மறுபடியும் இடியுங்கள். வாயைத் திறக்காதீர்கள்."

"அழுவார்களே!"

"அழட்டும்."

கருவண்டு போய்விட்டது. மாலை வெயில் தணியும் நேரம், செவ்வரி ஒரு செடியின் நுனியில் அமர்ந்து வடகரைப் பக்கம் காது வைத்தது. ரீங்காரம் கேட்டது. ஏதோ ஒரு சிறு பூச்சி வலியில் அலறியது. அதன்பின் கிலுக்கும் சத்தம் எழுந்தது. நிற்காமல் கேட்டுக்கொண்டே இருந்தது.

விட்டுக்கொடுக்கும் எதிரியிடம் பயின்றவர்கள், விட்டுக்கொடுக்காத எதிரியிடம் உயிரைக் கொடுத்துத்தான் மீதிப் பாடத்தைக் கற்க நேரும்.