ஏற்றப்படாத கொடி

சித்திரபானு ஆண்டு, ஐப்பசித் திங்கள் ஒன்பதாம் நாள். விடியலில் தூறல் இருந்தது. பிறகு வானம் வெளுத்து, மெல்லிய வாடை வீசியது.

வெண்குன்றம், கோடியூர், ஆம்பல் ஆகிய மூன்று நாடுகளுக்குப் பொதுவான ஏரியின் நடுவே ஒரு திட்டு இருந்தது. ஐப்பசியில் மீன்கள் முட்டையிடும். அத்திங்களில் எந்நாட்டவரும் வலை வீசலாகாது என்பது உடன்படிக்கை. அதைக் காக்க ஏரி அவை என ஒன்றை அத்திட்டில் அமைத்திருந்தனர். அவைக்குப் படை இல்லை. நாட்டுக்கு ஒருவராக மூன்று காவலர் மட்டும் இருந்தனர். அவர்கள் காலைதோறும் ஒரே படகில் சென்று மூன்று கரைகளையும் பார்வையிடுவர். எந்தக் கரையில் படகுகள் யாவும் கட்டிக் கிடக்கின்றனவோ, அந்நாட்டுக் கொடியைத் திட்டில் ஏற்றுவர். ஒரு நாட்டின் காவலர் உடன்வராமல் அந்நாட்டுக் கரையை அணுகக் கூடாது என்பது விதி.

அவைத் தலைவி பெருந்தேவி. வெண்குன்ற நாட்டு அமைச்சர் மாசாத்தனார் அவரினும் வயதில் மூத்தவர். எனினும் நீதிநூல்களை அவரிடமே பாடம் கேட்டவர்.

அன்று அமைச்சர் தம் நாட்டுக் காவலரைத் திரும்ப அழைத்துச் செல்ல வந்தார். அவையிலிருந்து விலகுமாறு அரசருக்கு அறிவுரை கூறியவரும் அவரே. அதை ஆசிரியரிடம் நேரில் சொல்வதே முறை என்று கருதினார்.

"உடன்படிக்கையை நாங்கள் மீறப்போவதில்லை, அம்மையே. எங்கள் மக்கள் கட்டுப்பாடு உடையவர்கள். அயலார் வந்து எங்கள் படகுகளை எண்ணுவதைத்தான் விரும்பவில்லை. தண்டிக்க இயலாத அவையால் என்ன பயன்?"

கோடியூர்க் காவலர் எயினன் படகில் இருந்தபடியே சொன்னார்: "எங்கள் படகுகளை உங்கள் ஆள் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு எண்ணினாரே, ஐயா. அப்போது அயலார் யார்?"

அமைச்சர் தம் காவலரைப் படகிலிருந்து இறங்கச் சொன்னார்.

பெருந்தேவி மற்ற இரு காவலரையும் வழக்கம்போல் அனுப்பினார். அவர்கள் திரும்பியதும் இரு கொடிகள் ஏறின. வெண்குன்றத்தின் கம்பம் வெறுமையாக நின்றது. உண்டுவிட்டுச் செல்லலாம் என்று பெருந்தேவி அமைச்சரை இருத்திக்கொண்டார்.

உண்டு முடிப்பதற்குள் கோடியூர்க் கரையில் மக்கள் திரண்டனர். எதிர்க்கரையான ஆம்பல் நாட்டிலும் திரண்டனர். சிறிது நேரம் இருதரப்பாரும் நீரில் இறங்காமல் கம்பத்தையே பார்த்திருந்தனர். பிறகு ஒரு படகு புறப்பட்டது. அது முந்திவிடுமோ என்று மற்றொன்று புறப்பட்டது. படகுகளில் வலைகள் இருந்தன.

அமைச்சர் எழுந்து நின்றார்.

"எங்கள் கரையில் ஒரு படகுகூட அவிழ்க்கப்படவில்லையே. இவர்கள் ஏன் வருகிறார்கள்?"

"அவிழ்க்கப்படவில்லை என்பது உங்களுக்குத் தெரியும், அமைச்சரே."

"விதியைக் காப்போம் என்று வாக்குக் கொடுத்தேனே."

"என்னிடம் கொடுத்தீர்கள்."

அதற்குள் வெண்குன்றத்துக் கரையிலும் ஆட்கள் ஓடுவது தெரிந்தது. அயலார் வலையோடு வருவதைக் கண்டு, அவர்களும் படகுகளை அவிழ்க்கத் தொடங்கியிருந்தனர். அவ்வாண்டு முட்டைகள் அழிந்தால் மறு ஆண்டு தம் நாட்டுக் கரையூர்கள் பட்டினி கிடக்கும் என்பதை அமைச்சர் அறிவார்.

"நிறுத்தச் சொல்லி ஆணையிடுங்கள், அம்மையே."

"ஆணையிட எனக்கு அதிகாரம் இல்லை. படகு இருக்கிறது."

அமைச்சர் தம் காவலரையும் அழைத்துக்கொண்டு படகில் ஏறினார். "துடுப்புப் பிடிக்கத் தெரியுமா, ஐயா?" என்று கேட்டு, எயினன் ஒன்றை அவர் கையில் கொடுத்தார். மூன்று நாட்டவரும் அமர்ந்த படகு வெண்குன்றத்தை நோக்கித் திரும்பியதைக் கண்டதும், ஏரியில் வந்தவர்கள் துடுப்புகளை நிறுத்திக் காத்திருந்தனர். அவிழ்ந்த படகுகளை அமைச்சரே முழங்கால் நீரில் நின்று கட்டுவித்தார்.

பிற்பகலில் மூன்றாவது கொடி ஏறியது. வந்தவர்கள் திரும்பிப் போயினர்.

நனைந்த ஆடையோடு அமைச்சர் ஆசிரியர் முன் நின்றார்.

"இனி எங்களை நம்புவார்களா?"

"இன்று நம்புவார்கள். நாளைக் காலையிலும் படகு போகும்."

வெண்குன்றம் அவையிலிருந்து விலகவில்லை. மாசாத்தனார் தம் அறிவுரையை அரசவையில் எல்லாரும் அறியத் திரும்பப் பெற்றார்; அதனால் பதவியை இழந்தார். மீன்கள் பெருகிய தைத் திங்களில் மூன்று நாட்டவரும் வலை வீசினர். யாருக்கு எவ்வளவு பங்கு என்னும் வழக்கு முன்போலவே நீடித்தது. அதை ஒவ்வொரு அவைக் கூட்டத்திலும் பேசினர்.