முதல் வருஷத்து அளவு

சீடர் லூர்துவுக்கு அறுபது நெருங்குகிறது. குரு சபுராவுக்கு அதில் பாதி வயதுதான். கடல் ஆய்வு நிலையத்தில் அப்படி அமைந்துவிட்டது. வாழ்நாளெல்லாம் முங்கி முங்கி விரிகுடாவின் அடியில் கடற்புல் எண்ணியவர் லூர்து. எண்ணியதைக் கணினியில் படமாக்கச் சொல்லிக்கொடுக்க வந்தவள் சபுரா. அவர் அவளை டீச்சர் என்பார். கிண்டலாக ஆரம்பித்தது, போகப்போக மரியாதையாகவே ஆகிவிட்டது.

மறுநாள் கூட்டம். கடற்புல்லை அரித்துக்கொண்டு போகும் இழுவைப் படகுகள் உள்ளே வராமல் தடுக்க விரிகுடாவில் மிதவைகள் கட்டியிருந்தார்கள். அவை இன்னும் இருக்க வேண்டுமா, எடுத்துவிடலாமா என்று முடிவு செய்யப்போகிறார்கள். லூர்து சொல்வதைத்தான் கேட்பார்கள்.

அதற்காக அவர் மேட்பிளாட்லிப் என்ற வரைபட நிரலில் ஓர் அசையும் படம் செய்து வைத்திருந்தார். புல் ஒரே அளவில் இருக்கும் இடங்களைக் கோட்டால் இணைத்தால் ஒரு வருஷத்துப் படம். வருஷங்களை வரிசையாக ஓடவிட்டால் விரிகுடாவின் கதை. முதல் வருஷத்தில் வட்டத்துக்குள் வட்டமாகக் கோடுகள். வரவரக் குறைந்தன. கடைசிச் சில வருஷங்களில் ஒரு கோடுகூட இல்லை. வெறும் வெள்ளை.

“பாத்தீங்களா டீச்சர்? எல்லாம் போச்சு. மிதவைய எடுத்துருங்கன்னு சொல்லிரப் போறேன்.”

“எத்தன புல்லுக்கு ஒரு கோடுங்கிற அளவையெல்லாம் எங்கருந்து எடுத்தீங்க அண்ணே?”

“முதல் வருஷத்துலருந்துதான். அதுதானே வருஷம்!”

சொன்னதும் அவர் முகம் இளகியது. அவரும் கூட்டாளி சூசையும் சேர்ந்து முங்கிய வருஷம் அது. கேட்க ஆள் கிடைத்தால் விடமாட்டார். எத்தனையாவது தடவையோ, மறுபடி ஆரம்பித்தார்.

“எண்ணுறதுக்கு அடியில சதுரச் சட்டத்த வச்சா, எந்தச் சட்டத்துக்குள்ளயும் நாப்பது புல்லுக்குக் குறையாது டீச்சர். ஒருநாள் சூசை மேல வந்து கணக்கச் சொல்லிட்டு, ஒண்ண விட்டுட்ட மாதிரி இருக்குடாங்கிறான். ஒத்தப் புல்லுக்காடான்னு படகே சிரிக்குது. அவனும் சிரிச்சுக்கிட்டே திரும்ப முங்கிட்டான்.”

சூசை போய்ச் சேர்ந்து பல வருஷமாகிறது. அந்தச் சிரிப்பு மட்டும் லூர்துவின் காதைவிட்டுப் போகவில்லை. அந்த நாட்கள் திரும்பி வராதா என்று அவருக்கு ஏக்கமாக இருந்தது.

சபுரா கணினியைத் தன் பக்கம் திருப்பினாள். அந்த அளவுகள் இருந்த நிரல் வரியை மட்டும் மாற்றி ஓடவிட்டாள்.

முதல் வருஷம் வெறும் வெள்ளையாக வந்தது.

லூர்துவுக்குச் சுருக்கென்றது. “என்ன பண்ணி வச்சிருக்கீங்க? அன்னைக்குப் புல்லே இல்லைங்குதே! அப்ப சூசை எண்ணுனதெல்லாம் பொய்யா?”

“எண்ணுல நான் கைவைக்கல. நீங்க செஞ்சதத்தான் நானும் செஞ்சேன் அண்ணே. நீங்க முதல் வருஷத்து அளவ வச்சீங்க, நான் கடைசி வருஷத்து அளவ வச்சேன். முப்பதுக்கு மேல கோடு கிடையாது. முதல் வருஷம் எல்லாமே நாப்பதுக்கு மேல, அதான் ஒரு கோடும் விழல.”

அவர் கோபம் வந்த வேகத்தில் அடங்கியது. “அப்ப எந்த வருஷத்தத்தான் வைக்கிறது?”

அவள் வரியை மறுபடி மாற்றினாள். இம்முறை எல்லா வருஷங்களிலும் உள்ள மிகக் குறைந்த எண்ணிலிருந்து மிக அதிகமான எண் வரை. முதல் வருஷம் பழையபடி நிரம்பி வந்தது. லூர்துவுக்கு உயிர் வந்தது. வருஷங்கள் ஓடின, கோடுகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. கடைசிச் சில வருஷங்கள் வந்தபோது, ஓடை வந்து சேரும் இடத்தில், வெள்ளைக்கு நடுவே ஒரு சின்ன வட்டம். அடுத்த வருஷம் அது கொஞ்சம் பெருத்தது. அதற்கடுத்த வருஷம் இன்னும் கொஞ்சம்.

“இது எங்கருந்து வந்துச்சு?”

“நீங்க முங்கி எண்ணுனதுதான் அண்ணே.”

லூர்து திரையருகே குனிந்தார். எண்ணியது நினைவிருக்கிறது. இதெல்லாம் ஒரு புல்லா என்று அலுத்துக்கொண்டேதான் எண்ணினார். அதை நினைக்க இப்போது வெட்கமாக இருந்தது. ஆனாலும் மனம் கேட்கவில்லை.

“இத்தனூண்டக் காட்டி மிதவைய எடுக்காதீங்கன்னு சொன்னா, கூட்டத்துல சிரிப்பாங்களே டீச்சர்.”

“அன்னைக்குப் படகுலயும் சிரிச்சாங்கதானே அண்ணே,” என்றாள் சபுரா. “அவரு முங்குனாரா, இல்லையா?”