ஒப்பாரிக்குச் சொந்தக்காரர்

கொன்றையூர் மன்னர் நெடுஞ்சேந்தருக்குப் புலவர்கள் என்றால் உயிர். தன்னைப் புகழ்கிற புலவர் என்றால் கொஞ்சம் நிலமும் சேர்த்துக் கொடுப்பார். அகிலாண்டக் கவிராயர் இரண்டையும் வாங்கத் தெரிந்தவர். ஒருநாள் அவர் சபையில் ஓலைக்கட்டைப் பிரித்து, ஒப்பாரிப் பாடல்களை ராகம் போட்டுப் படித்தார். மன்னர் அங்கவஸ்திரம் நனைய அழுதார்.

"கவிராயரே, இவ்வளவும் உம்முடைய கற்பனையா?"

"அடியேன் நெஞ்சைப் பிழிந்து எடுத்தவை, மன்னா."

மந்திரி தாண்டவருக்குச் சிரிப்பை அடக்குவது பெரும்பாடாகிவிட்டது. எந்தத் தெருவில் சாவு விழுந்தாலும் கவிராயர் எழுத்தாணியோடு வேப்பமரத்தடியில் ஒதுங்கி நிற்பதை ஊரே பார்த்திருக்கிறது. உள்ளே பெண்கள் நெஞ்சைப் பிழிவார்கள். வெளியே இவர் ஓலையில் பிடித்துக்கொள்வார்.

"என்ன பரிசு வேண்டும், கேளும்!" என்றார் மன்னர்.

"பொன்னும் பொருளும் எதற்கு மன்னா? எழுத்து வாசனையே இல்லாத பெண்கள் என் பாடல்களைக் கண்ட வீட்டிலும் பாடிக் கெடுக்கிறார்கள். என் அனுமதி இல்லாமல் இனி யாரும் ஒப்பாரி பாடக் கூடாது. அதுபோதும்."

எவ்வளவு தாராள மனசு! இந்தக் காலத்தில் காப்புரிமை என்கிறார்களே, அதை மன்னர் அன்றைக்கே செப்பேட்டில் வெட்டிக் கொடுத்துவிட்டார். பாடிய பெண்களையும் ஒரு வார்த்தை கேட்போமே என்று சபையில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பெரிய இடத்தில் அதெல்லாம் தோன்றாது.

மார்கழி பிறந்ததும் வண்டிக்கார இருளாண்டி இறந்துபோனார். தாண்டவர் துக்கம் கேட்கப் போனார். வீடு நிறையப் பெண்கள் இருந்தார்கள், ஒரு சத்தம் இல்லை. இருளாண்டியின் மனைவி வெள்ளைத்தாயி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வாசலில் ஈட்டியோடு ஒரு காவலன்.

"சாமி, இத்தனை வருசம் கூட வாழ்ந்த மனுசன். வாய்விட்டு அழக்கூடாதாமே! அழாம எப்படித் தூக்க விடுவேன்?"

தாண்டவர் அவள் பக்கம் குனிந்து சொன்னார்.

"ஒப்பாரி இல்லாம தூக்கக் கூடாது, அது ஊர் வழக்கம். கவிராயர் இல்லாம ஒப்பாரி வைக்கக் கூடாது, அது அரசர் ஆணை. ரெண்டையும் மீற வேணாம் தாயி. சொந்தக்காரரையே கூட்டிட்டு வரேன்."

சாப்பாட்டில் கை வைத்திருந்த கவிராயரைக் காவலர்கள் மிகுந்த மரியாதையோடு தூக்கிவந்தார்கள். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, அவரையும் நடுவில் இழுத்துப்போட்டுத் தோளோடு தோள் கட்டிக்கொண்டார்கள். கவிராயர் கூடவே வந்த ஓலைக்கட்டைப் பிரித்தார்.

"ஓடுன தறி நின்னு போச்சே, ஊடு நூலும் அறுந்து போச்சே..."

"நிறுத்துங்க சாமி!" என்றாள் வெள்ளைத்தாயி. "எங்க வீட்டுக்காரரு தறியைத் தொட்டதே இல்ல. அது மேலத்தெரு நெசவாளி செத்தப்ப அவரு பொஞ்சாதி அழுதது. இவருக்கு மாடும் வண்டியும்தான் உசிரு. அதைச் சொல்லி அழுங்க."

கவிராயர் கட்டு முழுவதையும் புரட்டினார். அதில் ஒரு மாடுகூட இல்லை.

"நீயே பாடித் தொலையம்மா! அனுமதி கொடுத்தேன்!"

"நொகத்தடி சும்மா கெடக்கே, நோஞ்சான் மாடும் நிக்குதே, நீங்க தட்டிக் குடுக்காம தண்ணி குடிக்க மாட்டேங்குதே..."

அவள் எடுத்த எடுப்பில் தெருவே கதறியது. காவலன் ஈட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு அழுதான். தாண்டவரும் அழுதார்.

கவிராயர் மெல்ல நழுவப் பார்த்தார். வாசலில் கீழத்தெரு ஆட்கள் காத்திருந்தார்கள். அங்கேயும் ஒரு சாவு. தாண்டவர் அதற்குள் ஊரெல்லாம் பறையறைந்து சொல்லிவிட்டார்: "சாவு வீட்டார் ஒப்பாரிக்குச் சொந்தக்காரரை வந்து அழைத்துக்கொள்ளலாம். நேரம் காலம் பார்க்க வேண்டாம்."

சாவுக்கு அழைத்தால் வரமாட்டேன் என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? போனார். திரும்பிவந்து பச்சைத் தண்ணீரில் தலை முழுகினார். தலை காய்வதற்குள் அடுத்த வீட்டார் வந்து நின்றார்கள்.

சில நாளில் கவிராயர் அரண்மனை வாசலுக்கே ஓடிவந்துவிட்டார். தீட்டோடு உள்ளே நுழைய முடியாது. அதனால் அங்கேயே உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டார்.

"ஐயோ, தொண்டை கட்டிப் போச்சே! மார்கழி முழுக்குல பல்லு கிட்டிப் போச்சே! ஆக்குன சோறு ஆறிப் போச்சே! ஊரு எழவெல்லாம் என் தலையில விழுந்து போச்சே! இந்தச் சொத்து எனக்கு வேணாமே!"

மன்னர் பதறி வாசலுக்கு வந்தார். நடந்ததையெல்லாம் கேட்டுக்கொண்டார்.

"தாண்டவரே, அப்படியானால் அந்தச் செப்பேட்டை என்ன செய்வது?"

"உருக்கி வெள்ளைத்தாயி வீட்டு மாட்டுக்கு மணி செய்து கொடுங்கள், மன்னா. சாவு வீட்டில் யார் அழுகிறார்களோ, அன்றைக்கு ஒப்பாரி அவர்களுடையது."

"அதுதான் நியாயம். ஆனாலும் இவ்வளவு பெரிய புலவரை வெறுங்கையோடு அனுப்பலாமா?"

"கூடவே கூடாது. இப்போது வாசலில் உட்கார்ந்து ஒன்று பாடினாரே, அதை எந்தச் சாவு வீட்டிலும் நான் கேட்டதில்லை. அது மட்டும் சத்தியமாக அவருடைய சொந்தச் சரக்கு. அதை அவர் பேருக்கே எழுதிக் கொடுத்துவிடுங்கள்!"

மன்னர் சிரித்த சிரிப்பில் அங்கவஸ்திரம் மறுபடியும் நனைந்தது.