கூத்தரையர் கதவைத் திறந்தாரா?

சினிமாவுல ஒரு ஆள் கதவைத் தொறந்தாரு. அதனால கூத்தரையன்பட்டியில ஒரு பையன் பள்ளிக்கூடத்துக்குப் போறதையே வெறுத்துட்டான். எப்படின்னு சொல்றேன், நல்லா கவனிங்க. கடைசியில உங்ககிட்ட ஒண்ணு கேப்பேன்.

ஆயிரம் வருசத்துக்கு முன்னாடி அந்த ஊரை ஆண்டவர் கூத்தரையர். சோழ ராஜாவுக்குக் கீழ ஒரு சிற்றரசர். ஊர் நடுநிலைப்பள்ளி ஆண்டுவிழாவுல வருசா வருசம் அவர் நாடகம்தான். கடைசி சீன்ல எதிரி வருவான். கூத்தரையர் கோட்டைக் கதவுக்குக் குறுக்க நின்னு, அம்பு வாங்கி, விழாம நின்னு வசனம் பேசி, விழுந்தும் வசனம் பேசி, அப்புறம்தான் சாவாரு. இந்த வருசம் அந்த வேசம் எட்டாங்கிளாஸ் சோலைமலைக்கு. பையன் வயக்காட்டுல செத்தான், பஸ் ஸ்டாப்புல செத்தான், சாப்பாட்டு வரிசையிலகூட ஒரு தடவை செத்துப் பாத்தான். அவ்வளவு ஒத்திகை.

அந்த நேரம் பாத்துப் படம் வந்துச்சு. பெரிய படம். அதுல கூத்தரையர் எதிரிகிட்டப் பொன்முடிப்பை வாங்கி இடுப்புல சொருகிக்கிட்டு, கதவைத் தொறந்து "வாங்க வாங்க"ன்னு கூப்பிடறாரு.

அவ்வளவுதான். சோலைமலைக்குப் பேரே மாறிப்போச்சு.

"டேய் கதவு! ஜன்னல் எங்கடா?"

குடிதண்ணிக் குழாய்கிட்டப் போனா, "நீயே தொறந்து விடு கதவு, உனக்குத்தான் பழக்கமாச்சே!"

வரலாறு எடுக்கற பொற்கொடி டீச்சர், "அந்தக் காலத்துல ராஜத்துரோகம் பண்ணுனா, நிலத்தை ராஜா பிடுங்கிக்குவாரு. பிள்ளைகுட்டிக்கு ஒரு வரப்புகூட மிஞ்சாது"ன்னு பாடம் நடத்துனா, பின்பெஞ்சுலேர்ந்து ஒரு குரல்: "டீச்சர், அப்ப சோலைமலை பெஞ்சையும் பிடுங்கிரலாமா?"

தலைமை ஆசிரியர் தொண்டையைக் கனைச்சாரு. "க்ஹும்... படத்துல இருக்கற மாதிரியே நாடகத்தையும் மாத்திருவோம். ஜனங்க... க்ஹும்... அதைத்தான் எதிர்பார்ப்பாங்க."

சோலைமலை ஒட்டுமீசையைக் கொண்டுவந்து டேபிள்ல வச்சுட்டான். "எனக்கு வேசம் வேணாம் டீச்சர்."

பொற்கொடி டீச்சர் மீசையை எடுத்துப் பத்திரப்படுத்துனாங்க. நேரா தலைமை ஆசிரியர்கிட்டப் போனாங்க. "சார், ஒரு பீரியட் குடுங்க. அந்தக் கதவு சீனை நம்பலாமா கூடாதான்னு பசங்களே பேசட்டும். சரியான காரணம் சொல்ற பிள்ளை நாடகத்து முடிவை எழுதட்டும்."

"சினிமா பேசறதுக்கு ஒரு பீரியடா?"

"பாடப்புத்தகத்தை ஒரு தடவை படிக்குதுங்க சார். படத்தை நாலு தடவை பாக்குதுங்க."

குடுத்துட்டாரு. அவரும் வந்து உக்காந்துட்டாரு. மூணு கை உசந்துச்சு.

மொதல்ல சோலைமலை. கோவத்துல குரல் கீச்சுக் கீச்சுன்னு வருது. "டீச்சர், படத்துல அவர் சமையல்கட்டுல காஞ்ச மிளகாய் சரஞ்சரமா தொங்குது! மிளகாய் கப்பல்ல வந்ததே அவருக்கு ஐந்நூறு வருசம் கழிச்சுன்னு நீங்கதான சொன்னீங்க? மிளகாய் பொய்னா கதவும் பொய். மொத்தப் படமும் பொய்!" கிளாஸே கைதட்டுச்சு.

அடுத்து பிரிட்டோ. கண்ணாடியை ஒரு விரலால ஏத்திவிட்டுக்கிட்டு, செய்தி வாசிக்கற மாதிரி: "மிளகாய் தப்பு, ஒத்துக்கறேன். ஆனா வாள் சரி. காதுத் தோடு சரி. ஓலையில இருக்கற எழுத்துகூட அந்தக் காலத்து எழுத்து. டைட்டில்ல ரெண்டு பேராசிரியருக்கு நன்றி போட்டிருக்கு. சின்ன விசயத்துக்கே இவ்வளவு மெனக்கெட்டவங்க, பெரிய விசயத்துல தப்பு பண்ணுவாங்களா?" தலைமை ஆசிரியர் தலை மேலயும் கீழயும் ஆடுச்சு.

கடைசியா ஜமீலா. பேசறதுக்கு முன்னாடி ஜடையை முன்னால இழுத்துப் போட்டுக்குவா. "நான் பால் வாங்கப் போற வழியில சிவன் கோயில் வெளிச்சுவத்துல கல்வெட்டு இருக்கு டீச்சர். இப்ப உள்ள தமிழ்ல எழுதி பக்கத்துல போர்டும் வச்சிருக்காங்க. எப்பவும் திருவிழா பேனர் மறைச்சிருக்கும். பேனர் கிழிஞ்ச அன்னைக்குப் படிச்சேன்."

"என்ன போட்டிருக்கு?"

"கூத்தரையரோட மகன், அந்தச் சண்டையெல்லாம் முடிஞ்சப்புறம், 'எங்கப்பா எனக்கு விட்டுப்போன வயல்'னு சொல்லி ஒரு வயலைக் கோயில் விளக்குக்குக் குடுத்திருக்காரு. சோழ ராஜா சம்மதத்தோட." உக்காந்துட்டா.

கைதட்டு இல்ல. 

இப்ப நீங்க சொல்லுங்க. மூணு பேர்ல யார் சொன்ன காரணம் சரி? நாடகத்து முடிவை யார் எழுதணும்?

விடை: ஜமீலாதான். மிளகாய் தப்புன்னா, படம் சமையல்கட்டுல தப்பு பண்ணிருக்குன்னு அர்த்தம். வாள் சரின்னா, வாள் சரி. ரெண்டும் கதவைப் பத்தி ஒண்ணுமே சொல்லல. ஜமீலா சொன்னதுதான் அந்தக் கதவுக்குப் பக்கத்துல போகுது. துரோகியோட நிலம் மகன் கைக்கு வந்திருக்காது. வந்திருக்கு, ராஜாவும் சரின்னுருக்காரு. ஆக, அந்த ராஜா அவரைத் துரோகியா நினைக்கல. அந்தக் கல்லை வச்சு அவ்வளவுதான் சொல்லலாம்.

சோலைமலை ஓடிப்போய் மீசையை ஒட்டிக்கிட்டான். "அப்ப நான் பழையபடி அம்பு வாங்கிச் சாகலாம்ல?"

"அது எந்தக் கல்லுல இருக்கு?"ன்னா ஜமீலா.

மீசை ஒரு பக்கம் தொங்கிருச்சு. அதை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே கேட்டான். "டீச்சர், 'அப்பா விட்டுப்போன வயல்'னா, அப்பா செத்துட்டாருன்னுதான அர்த்தம்?"

"ஆமா... எப்படிச் செத்தாருன்னு இல்லையே."

"எவ்வளவு நேரம் செத்தாருன்னும் இல்லல்ல?"

ஆண்டுவிழாவுல கூத்தரையர் கட்டில்ல படுத்து, இருமி, எந்திரிச்சு, மறுபடி படுத்து, ஊரே கைதட்டற மாதிரி செத்தாரு. "செத்துத் தொலைடா, விளக்கேத்தணும்"னு திரைக்குப் பின்னாலேர்ந்து ஜமீலா. மகனா வந்த பிரிட்டோ கம்பீரமா நடந்து வந்து, இடுப்புலேர்ந்து தீப்பெட்டியை எடுத்தான்.

முன்வரிசையில மூணாங்கிளாஸ் வாண்டு ஒண்ணு எந்திரிச்சுச்சு. "டீச்சர்! சோழர் காலத்துல தீப்பெட்டியா?"

மறுநாள்லேர்ந்து யாரும் கதவுன்னு கூப்பிடல. "டேய் தீப்பெட்டி!"ன்னா, பிரிட்டோதான் திரும்பிப் பாத்தான்.