மார்கழியில் ஓடிய விசிறி

கொடைக்கானல் மலையில் ஒரு சின்ன மடம். அதன் தலைவி அழகம்மைக்கு நாற்பது வயதுகூட நிறையவில்லை. அவரிடம் சீடராக வந்து சேர்ந்த தணிகாசலத்துக்கோ அறுபத்திரண்டு. திண்டுக்கல்லில் முப்பது வருடம் மின்விசிறி பழுது பார்த்தவர். கை தங்கம்; வாய்தான் கொள்ளிக்கட்டை.

அந்த வாயால்தான் மலையேறினார். மகள் செண்பகத்தின் வீட்டுக்குப் போன இடத்தில், மருமகன் குழாயை மூடுவது சரியில்லை, கதவைச் சாத்துவது சரியில்லை என்று நாள் பூராவும் கத்தினார். நாலாம் நாள் மகள் சொன்னாள்.

"அப்பா, நீங்க இருந்தா எங்களால மூச்சு விட முடியல."

அன்றே கிளம்பிவிட்டார். எட்டு மாதமாக மடத்தில் அவர் வாயைத் திறந்தது சாப்பிட மட்டும்தான்.

மார்கழி பத்தாம் நாள் காலை மகள் போன் செய்தாள். பெண் குழந்தை பிறந்திருந்தது. பெற்ற தாயும் இல்லை, மாமியாரும் இல்லை. மருமகனுக்கோ லீவு முடிந்துவிட்டது. "வாங்கப்பா" என்றாள். இன்னொரு தடவை கூப்பிட மாட்டாள் என்பது அவருக்குத் தெரியும். ரோஷத்தில் அவள் அப்பனைக் கொண்டவள்.

கூடத்தில் இரும்பு அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அதன் அருகில் அழகம்மை கம்பளியைப் போர்த்தி உட்கார்ந்திருந்தார். சமையல் செய்யும் பேச்சியம்மாள் அடுப்புக்கு நேரே காலை நீட்டியும் நடுங்கினாள்.

"அம்மா, போகணும்னு மனசு அடிச்சுக்குது" என்றார் தணிகாசலம். "போனா மறுபடி கத்திருவேனோன்னு பயமா இருக்கு. என் வேகத்தை ஒரேயடியா நிறுத்த வழி சொல்லுங்க."

அழகம்மை அண்ணாந்து பார்த்தார்.

"அந்த விசிறியைப் போடுங்க ஐயா."

"மார்கழியிலயா? ஏற்கனவே பேச்சியம்மா பல்லு தந்தி அடிக்குதேம்மா."

"போடுங்க."

தணிகாசலம் ஏணியைத் தேடுவதுபோல் நேரம் கடத்தினார். குளிர்காலம் வந்தால் விசிறிக்குத் துணி சுற்றிக் கட்டிவைப்பது அந்த மடத்து வழக்கம். இந்தத் தடவை அதில் அவருக்கு ஒரு வசதியும் இருந்தது. ஐப்பசியில் அந்த விசிறியைப் பழுது பார்த்தபோது கண்டென்சர் வயரை இடம் மாற்றிக் கொடுத்துவிட்டார். ஓட்டிப் பார்த்தால் தலைகீழாகச் சுற்றியது. ஊரில் எத்தனை பேர் செய்த இதே தப்பைத் திருத்திக்கொடுத்து, அவர்களைக் கிண்டலும் அடித்திருக்கிறார். வெட்கம் பிடுங்கித் தின்ன, யாரிடமும் சொல்லாமல் அவசரமாகத் துணியைக் கட்டி மறைத்துவிட்டார்.

ஏணியில் ஏறினார். துணியை அவிழ்த்த பிறகும் இறங்காமல் நின்றார்.

"என்ன ஐயா, மேலயே குடியிருக்கப் போறீங்களா?" என்றார் அழகம்மை.

"இங்க வெதுவெதுன்னு இருக்கும்மா. கழுத்தெல்லாம் வேர்க்குது."

"நேத்து ஒட்டடை அடிக்க ஏறினப்பதான் எனக்கும் தெரிஞ்சது. விறகு போடுறது நாம, குளிர் காயறது கூரைப் பல்லி."

தணிகாசலம் இறங்கி வந்து தலையைக் குனிந்துகொண்டார்.

"அம்மா, உங்ககிட்ட மறைச்சுட்டேன். இது தலைகீழா சுத்தும். காத்தைக் கீழ அனுப்பாது, மேல தள்ளும். என் கைத்தப்பு."

"சுத்தும்ல? முதல் நம்பர்ல வைங்க."

விசிறி மெல்லச் சுற்றியது. யார் மேலும் காற்று அடிக்கவில்லை. மேலே தள்ளிய காற்று, கூரையடியில் முடங்கிக் கிடந்த சூட்டைச் சுவரோரமாகக் கீழே இறக்கிக்கொண்டு வந்தது. கால் மணி நேரத்தில் பேச்சியம்மாள் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தாள்.

"அட, என் காலு எனக்குத் திரும்ப வந்துருச்சு" என்றாள்.

தணிகாசலம் சிரித்துவிட்டார். எட்டு மாதத்தில் அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை.

"கோடைக்கு முன்னாடி வயரைத் திருப்பிக் கொடுத்துடறேம்மா. காத்து கீழ ஜிலுஜிலுன்னு அடிக்கும்."

"எவ்வளவு நேரம் பிடிக்கும்?"

"பத்து நிமிஷ வேலை."

"அப்படின்னா பங்குனியில ஒரு நடை வந்து செஞ்சு குடுத்துட்டுப் போங்க."

அவர் சொன்னது புரியத் தணிகாசலத்துக்குச் சற்று நேரம் ஆனது. புரிந்ததும் கண் கலங்கியது.

"போகச் சொல்றீங்களா? அங்க போய் மறுபடி கத்திட்டேன்னா?"

அழகம்மை கீழே கிடந்த துணியை எடுத்து மடித்தார்.

"தப்பா சுத்துதுன்னு ரெண்டு மாசமா இதைக் கட்டி வெச்சிருந்தீங்க. நாங்க நடுங்கினது அது சுத்தினதாலயா, கட்டி வெச்சதாலயா, ஐயா?"

தணிகாசலம் தன் பையை எடுத்து வரப் போனார். மதிய பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.