பன்னிரண்டாவது இடம்

மலையடிவாரத்தில் ஒரு பல்கலைக்கழகம் இருந்தது. இயற்பியல் படிக்கிறவர் இயற்பியலோடு நிற்கக் கூடாது, வரலாறு படிக்கிறவர் வரலாற்றோடு நிற்கக் கூடாது என்பது அங்கே விதி. வேறு வேறு துறை ஆசிரியர்கள் இருவர் சேர்ந்து நடத்தும் பாடம் ஒன்றைப் பருவந்தோறும் எல்லோரும் எடுத்தாக வேண்டும்.

அப்படிப்பட்ட பாடங்களில் 'கேட்டல்' என்ற பாடத்துக்குத்தான் போட்டி அதிகம். இயற்பியல் ஆசிரியை ஹேமலதாவும் இசை ஆசிரியர் கந்தவேலும் அதை நடத்தினார்கள். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை, பன்னிரண்டு பேருக்கு மட்டும். சேர விரும்புகிறவர் ஒரு தாளில் ஒரு கேள்வி எழுதித் தர வேண்டும். பாடக் கையேட்டில் இப்படி அச்சாகியிருந்தது: "எங்களில் ஒருவர் தனியாகவே பதில் சொல்லிவிடக்கூடிய கேள்வியோடு வருகிறவருக்கு இந்தப் பாடம் தேவையில்லை. இருவரும் சேர்ந்தால் நெருங்கக்கூடிய கேள்வி உள்ளவர் வரலாம்."

ஆசிரியர்கள் தாளைப் படிப்பார்கள். தெரிந்ததைப் பின்பக்கத்தில் எழுதி அலுவலகத்துக்கு அனுப்புவார்கள். பழகிய மாணவர் என்று சலுகை காட்டிவிடக் கூடாதே என்பதற்காக, இடம் கொடுக்கும் வேலையை அலுவலகத்திடம் விட்டிருந்தார்கள். பதில் கிடைத்தவன் முகம் தொங்குவதை அந்த அலுவலக வாசலில்தான் பார்க்கலாம்.

அந்த ஆண்டு பதினோரு இடங்கள் நிரம்பிவிட்டன. மிச்சம் ஒன்று. அதற்கு முடிவாகாமல் இருந்த தாள்கள் மூன்று.

வளர்மதி உயிரியல் இறுதியாண்டு மாணவி. இப்போது விட்டால் அவளுக்கு அந்தப் பாடம் கிடையாது. அவளுடைய அம்மா பள்ளிபாளையத்தில் இருபத்திரண்டு வருடமாக விசைத்தறி ஓட்டுகிறவள். தறி இரைச்சலில் காது மந்தமாகிவிட்டது. காதுக் கருவி வாங்கிக் கொடுத்தும், இரைச்சலையும் சேர்த்துப் பெரிதாக்குகிறது என்று கழற்றி வைத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வளர்மதி போன் செய்வாள்.

"என்ன கண்ணு சொல்ற? ஒண்ணும் காதுல விழுகமாட்டேங்குது. நல்லாப் படி. உடம்பப் பாத்துக்க," என்று அம்மா தன் பங்கைப் பேசிவிட்டு வைத்துவிடுவாள். மகளின் பங்கு அப்படியே மிஞ்சிப்போகும். விடுதித் தோழிகள் அம்மாக்களோடு ஒரு மணி நேரம் சண்டை போடுவதைக் கேட்டால்கூட அவளுக்கு ஏக்கமாக இருக்கும்.

ஒரு ஞாயிறு, பேச்சு எட்டாத சலிப்பில், மாரியம்மன் நோம்பிக்குப் பாடும் கும்மிப் பாட்டின் முதல் அடியை வளர்மதி போனில் பாடினாள். மறுமுனையில் அம்மா இரண்டாம் அடியைப் பாடினாள்.

அதைத்தான் தாளில் எழுதினாள்: "என் பேச்சு கேட்காத அம்மாவுக்கு என் பாட்டு மட்டும் எப்படிக் கேட்கிறது?"

கட்டடக்கலை மாணவன் ஜெரால்டு எழுதிய கேள்வி: "நூலகக் கூடத்தில் எதிரொலி கேட்கிறது, மாடிப்படிக்குக் கீழே ஏன் கேட்பதில்லை?" தத்துவ மாணவன் அமீருத்தீன் எழுதியது: "உலகில் முதன்முதலாகப் பாடப்பட்ட பாட்டின் மெட்டு என்ன?"

முடிவு சொல்லும் நாளில், திரும்பி வந்த தாள்களை வாங்கிக்கொண்டு மூவரும் அலுவலக வாசலில் நின்றார்கள். ஜெரால்டின் தாளில் ஹேமலதா எழுதியிருந்தார்.

"நாலு வரியில என் செமஸ்டர் முடிஞ்சுபோச்சு," என்றான் அவன். "பதிலும் சரியா இருக்கு. சண்டை போடக்கூட வழியில்ல."

"யாராலயும் சொல்ல முடியாததாப் பாத்துக் கேளுடான்னு அன்னைக்கே சொன்னேன்," என்றான் அமீருத்தீன். "என் தாளப் பாரு, சலவைக்குப் போயிட்டு வந்த வேட்டி மாதிரி இருக்கு." அதன் பின்பக்கத்தில் ஒரு புள்ளிகூட இல்லை.

வளர்மதி தன் தாளைத் திருப்பினாள். ஹேமலதாவின் கையெழுத்து முதலில் இருந்தது: "நெடுநாள் இரைச்சலில் மெல்லிய, கூர்மையான ஒலிகளைக் கேட்கும் திறன் போய்விடும். பேச்சில் பல மெய்யெழுத்துகள் அப்படித்தான் நழுவுகின்றன. ஆனால் பாட்டிலும் அதே மெய்யெழுத்துகள் உண்டே? அவை எப்படிக் கேட்கின்றன என்று எனக்குத் தெரியவில்லை." அதன் கீழே கந்தவேல்: "பழகிய மெட்டு வந்தால், காதில் விழாத சொல்லை மனம் நிரப்பிக்கொள்ளும். ஆனால் அதே மெட்டில் ஒரு புதிய சொல்லை வைத்தால் அது கேட்குமா? எனக்குத் தெரியவில்லை."

அலுவலர் தண்டபாணி தாள்களை வாங்கிப் புரட்டினார்.

"இருபது வருஷமா இதுதாம்மா வழக்கம். பின்பக்கம் காலியா இருந்தா இடம், எழுதியிருந்தா இல்ல. உன் தாள்ல ரெண்டு பேருமே எழுதியிருக்காங்க."

"ரெண்டு பேரும் தெரியலைன்னுதான சார் முடிச்சிருக்காங்க?"

"எழுதியிருக்காங்கல்ல?" என்றார் அவர். பேனா அமீருத்தீனின் பெயருக்கு மேலே நின்றது.

வளர்மதி நகரவில்லை. "ஒரே ஒரு தடவை கையேட்டப் படிச்சுப் பாத்துடுங்க சார்," என்றாள். தண்டபாணி மூக்குக்கண்ணாடியைத் தேடினார்.

அவர் தேடி எடுப்பதற்குள் நீங்கள் சொல்லுங்கள். பன்னிரண்டாவது இடம் யாருக்கு உரியது?

விடை: வளர்மதிக்கு. ஜெரால்டின் கேள்விக்கு ஒருவரே பதில் சொல்லிவிட்டார். அவனுக்குப் பாடம் தேவையில்லை. அமீருத்தீனின் கேள்வியை ஒருவராலும் தொட முடியவில்லை. இருவர் சேர்ந்தாலும் முடியாது. கையேடு கேட்டது காலித் தாளை அல்ல, இருவரும் சேர்ந்தால் நெருங்கக்கூடிய கேள்வியை. முதல் வாக்கியத்தை மட்டும் நினைவில் வைத்து வேலை செய்ததில் இரண்டாவது வாக்கியம் அலுவலகத்துக்கு மறந்துபோயிற்று. வளர்மதியின் தாளில்தான் இரண்டு ஆசிரியர்களும் ஆளுக்குப் பாதி வழி வந்து, மற்றவர் துறையின் வாசலில் நின்றிருக்கிறார்கள். மீதி வழியை அவள் நடந்தே ஆக வேண்டும். கும்மிப் பாட்டு அம்மாவுக்கு ஏற்கெனவே தெரியும். மூன்று வருடமாக வளர்மதி அம்மாவிடம் சொல்ல வைத்திருப்பவை எல்லாம் புதிய சொற்கள்.