எல்லா எண்ணையும் இறக்கு

ஒரு கல்லூரியில் குற்றாலநாதன் வேதியியல் துறைத் தலைவராக இருந்தார். அவரிடம் யாரும் எதிர்த்துப் பேசியதில்லை. அவர் எழுதிய அறிமுக நூலை டைப்பிஸ்ட் மரியபுஷ்பம் அடித்து முடித்திருந்தாள்.

"H₂O மாதிரி வாய்பாட்டுல எண்ணெல்லாம் எழுத்துக்குச் சமமா நிக்குது. சாயங்காலத்துக்குள்ள கீழே இறக்கு."

"முந்நூறு பக்கம் சார். எதை இறக்கணும், எதை விடணும்னு குறிச்சுக் குடுங்க."

"உனக்குப் பாடம் நடத்த எனக்கு நேரமில்ல. எல்லா எண்ணையும் இறக்கு."

மரியபுஷ்பம் கம்ப்யூட்டரில் ஒரே கட்டளையில் எல்லா எண்ணையும் இறக்கி, புரூஃப் எடுத்து நீட்டினாள். அவர் புரட்டாமலே, 'படித்தேன், சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மூன்றாம் நாள், அச்சுக்கு அனுப்பும் முன், கல்லூரி முதல்வர் இருவரையும் அழைத்து அதைப் பிரித்தார். பக்க எண்கள் இறங்கிக் கிடந்தன. 2H₂O-வில் முன்னால் நிமிர்ந்து நிற்க வேண்டிய 2 இறங்கிவிட்டது. ஆசிரியர் குறிப்பில் குற்றாலநாதனின் 31 ஆண்டு அனுபவமும் இறங்கிவிட்டது.

"இந்தம்மாவுக்கு ஒண்ணும் தெரியல. வேலையை விட்டு நிறுத்துங்க" என்றார் குற்றாலநாதன்.

"படித்தேன்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க" என்றார் முதல்வர்.

மரியபுஷ்பம் பையிலிருந்து இன்னொரு தாள்கட்டை எடுத்து மேசையில் வைத்தாள்.

"சரியான பிரதி இதுதான் சார். பத்தாங்கிளாஸ் புத்தகத்தைப் பாத்துத் திருத்தினேன். இந்தத் தடவை அவரைப் படிச்சிட்டுக் கையெழுத்துப் போடச் சொல்லுங்க."